ஒரே தொட்டியில் ஒத்து வாழும் மீன்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுத் தொட்டியில் மீன் ஒன்று இறந்தால், நோய் வந்துவிட்டது என்று சொல்லி மருந்து தேடுகிறோம். ஆனால் பல தொட்டிகளில் நோய்க்கு முன்பே வேறொன்று நடந்திருக்கிறது. தனக்கு ஒவ்வாத வெப்பநிலையில் நாள்கணக்கில் இருந்தோ, வலிய மீன் ஒன்றால் ஓயாமல் துரத்தப்பட்டோ, தீனி தன் வாய்க்கு எட்டுமுன் மற்றவை தின்று தீர்த்துவிடுவதாலோ அந்த மீன் மெலிந்து, எதிர்ப்பாற்றலை இழந்து, நோய்க்கிருமிகளுக்கு எளிதில் ஆளாகியிருக்கிறது. மருந்து கொடுத்து அதைப் பிழைக்க வைத்தாலும், அதே துணைகளோடு அதே தொட்டியில் விட்டால் மீண்டும் அந்த நிலைக்கே திரும்பும். ஆகவே மீன்களின் பொருத்தத்தை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். வாங்கிய பின் சரிசெய்வதற்கு வழிகள் மிகக் குறைவு.

கண்ணுக்குப் பிடித்தவற்றையெல்லாம் வாங்கிச் சேர்த்த பிறகு அவை ஒத்துப்போகுமா என்று கவலைப்படுவதை விட, தொட்டிக்கென ஒரே ஒரு முதன்மை மீனை முதலில் தீர்மானித்துக்கொள்வதே நல்ல முறை. அந்த மீனுக்கு எத்தகைய நீர், எவ்வளவு வெப்பம், எவ்வளவு இடம், எந்த அளவு அமைதி தேவை என்பதைத் தெரிந்துகொண்டு, மற்ற மீன்கள் அனைத்தையும் அந்தத் தேவைகளுக்குள் அடங்குகிறவையாக மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐந்து வகை மீன்களின் தேவைகளை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வைத்து ஒரு நடுநிலையைத் தேடினால், பெரும்பாலும் ஐந்துமே அரைகுறையாகத்தான் வாழும்.

நீரும் வெப்பமும்

முதன்மை மீனைத் தீர்மானிக்கும் முன், உங்களுக்குக் கிடைக்கும் நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதன் பி.எச். அளவும் (அது அமிலமா காரமா என்பதைக் காட்டும் எண்) கடினத்தன்மையும் (கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவு) தெரிந்தால் போதும். இரண்டையும் அளக்கும் சோதனைப் பொருள்கள் மீன் கடைகளிலேயே கிடைக்கும். குழாயிலிருந்து பிடித்த உடனே பி.எச். பார்க்காமல், நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பார்க்க வேண்டும்; நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிய பிறகே உண்மையான அளவு தெரியும்.

கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வோர்டுடெயில் ஆகியவை கடினமான, சற்றே காரத்தன்மையுள்ள நீரில் நன்கு வாழ்பவை. நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை அமேசான் படுகையின் மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீரிலிருந்து வந்தவை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களுக்கோ பி.எச். ஏறத்தாழ 7.8 முதல் 8.6 வரை இருக்க வேண்டும். பண்ணைகளில் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட ஏஞ்சல் மீன்களும் பல டெட்ரா வகைகளும் ஓரளவு கடினமான நீருக்கும் பழகிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் மலாவி சிக்லிட்டையும் நியான் டெட்ராவையும் ஒரே நீரில் வைப்பதற்கு அந்தப் பழக்கம் போதாது.

இங்கே ஒரு வேண்டுகோள். விரும்பிய மீனுக்காக நீரின் பி.எச். அளவை மருந்துகளால் மாற்ற முயலாதீர்கள். கடின நீரில் உள்ள கார்பனேட்டுகள் அந்த மாற்றத்தை எதிர்த்து, அளவைப் பழைய நிலைக்கே இழுத்துவிடும். நாம் மீண்டும் மருந்து ஊற்றுவோம். அது மீண்டும் ஏறும். இப்படி ஏறி இறங்கும் நீரை விட, சற்றே பொருந்தாவிட்டாலும் நிலையாக இருக்கும் நீரில் மீன்கள் நலமாக இருக்கும். நம்மிடம் உள்ள நீருக்கு ஏற்ற மீனைத் தேடுவதே இரு தரப்புக்கும் நல்லது.

வெப்பநிலையில் செய்யப்படும் தவறுகள் உடனே வெளியே தெரிவதில்லை என்பதால் அவை கூடுதல் ஆபத்தானவை. டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். நியான் டெட்ராவுக்கு 22 முதல் 26 வரை போதும். தங்கமீன் குளிர்ந்த நீர் மீன். 18 முதல் 22 டிகிரி வரை அதற்கு இதமானது. நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, அதே நேரத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜனைக் கேட்கிறது. எனவே ஹீட்டர் வைத்த வெப்பமண்டலத் தொட்டியில் தங்கமீனை விடுவது அதற்கு இருவகையிலும் சுமையாகிறது.

இரு மீன்களின் வெப்ப எல்லைகளை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மீனுக்கு 20 முதல் 24 என்றும், மற்றொன்றுக்கு 24 முதல் 28 என்றும் குறிப்பிருந்தால், 24 டிகிரியில் இரண்டும் வாழும் என்று தோன்றும். உண்மையில் அங்கே இரண்டுமே தத்தம் எல்லையின் ஓரத்தில் இருக்கும். எல்லைகள் இரண்டு மூன்று டிகிரியாவது ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால்தான் அதைப் பொருத்தம் என்று கொள்ளலாம். டிஸ்கஸ் தொட்டியின் அடித்தளத்துக்குக் கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தியை விரும்புகிறவர்கள் அந்தக் குடும்பத்தில் ஸ்டெர்பாய் என்னும் இனத்தைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். மற்ற கோரிடோராஸ் வகைகள் பலவற்றுக்கும் அந்தச் சூடு அதிகம்.

வளர்ந்த பின் எவ்வளவு பெரியது?

கடைத் தொட்டிகளில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். அங்கே ஒன்றாக அமைதியாக நீந்துகின்றன என்பது எதற்கும் சான்றாகாது. 5 செ.மீ. நீளத்தில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீன் 30 செ.மீ.க்கு மேல் வளரும். பாலா ஷார்க், ஆஸ்கார், கிளவுன் லோச் ஆகியவையும் ஏறத்தாழ 30 செ.மீ. வரை வளர்பவை. வெள்ளிச் சுறாக் குட்டி போல அழகாகத் தோன்றும் பங்காசியஸ் கெளுத்தியும், சிவந்த வாலுடைய பெருங்கெளுத்தியும் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடியவை; அவற்றுக்கு வீட்டுத் தொட்டி எதுவும் போதாது. தொட்டியின் அளவுக்கு ஏற்ப மீன் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். இடமும் நல்ல நீரும் இல்லாமல் வளர்ச்சி குன்றிப்போவதையே அவர்கள் அப்படிப் புரிந்துகொள்கிறார்கள். குன்றிய மீன் தன் இயல்பான ஆயுளை எட்டுவதில்லை.

பாசி தின்பதற்கென்று சக்கர் மீனை வாங்குவதை நான் எப்போதும் தடுப்பேன். வளர்ந்த பிறகு அது பாசியில் ஆர்வம் குறைந்து, இரவில் டிஸ்கஸ், தங்கமீன் போன்ற மெதுவான, அகன்ற உடலுள்ள மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றின் தோல்வழவழப்பைச் சுரண்டத் தொடங்கலாம். காலையில் அந்த மீன்களின் பக்கங்களில் வெளிறிய தழும்புகள் தெரியும். நடுத்தரத் தொட்டிக்கு 12 செ.மீ. அளவில் நின்றுவிடும் பிரிசில்நோஸ் போதும். சிறிய தொட்டிக்கு 4 அல்லது 5 செ.மீ. மட்டுமே வளரும் ஓட்டோசிங்க்ளஸ் கூட்டமாக இருந்தால் போதும்.

தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட, நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 60×30×30 செ.மீ. தொட்டி என்றால் 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் 45 லிட்டர் அளவில் நிற்கும். ஒரு லிட்டருக்கு இத்தனை செ.மீ. மீன் என்று சொல்லப்படும் விதி சிறிய, ஒல்லியான மீன்களுக்கு மட்டுமே ஓரளவு உதவும். மீனின் எடை நீளத்தின் முப்படியாகக் கூடுகிறது. ஒரே வடிவமுள்ள 10 செ.மீ. மீன் 5 செ.மீ. மீனைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு எடையுள்ளது, கழிவும் அதற்கேற்பக் கூடும். கொள்ளளவைப் போலவே வடிவமும் முக்கியம். ஓயாமல் ஓடும் ஸீப்ரா டேனியோவுக்கு நீளம் வேண்டும். மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ் நுனி வரை 20 செ.மீ.க்கு மேல் வளரக்கூடிய ஏஞ்சலுக்கு 45 செ.மீ. உயரமாவது வேண்டும்.

அடுத்தது வாய். தன் வாய்க்குள் நுழையக்கூடிய எதையும் பெரும்பாலான மீன்கள் உணவாகவே பார்க்கும். ஏஞ்சல் குஞ்சுகளும் நியான் டெட்ராக்களும் சில மாதங்கள் ஒன்றாக வாழும். பிறகு நியான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். செத்த மீனும் கிடைக்காது, சண்டையின் தடயமும் இருக்காது. ஏஞ்சல் கெட்டுப்போய்விட்டது என்று அதன்மேல் பழி போடுவது நியாயமில்லை. அது வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஏஞ்சலோடு கூட்டமீன் வேண்டுமென்றால், காங்கோ டெட்ரா, நன்கு வளர்ந்த லெமன் டெட்ரா போன்ற உயரமான உடலுடைய வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம். சிறிய இறால்களை ஏஞ்சலோடு வைக்கவே கூடாது. பெரிய மீன்களோடு கோரிடோராஸ் வைப்பதும் ஆபத்து: அதன் துடுப்புகளின் முன்முள்கள் விரிந்து பூட்டிக்கொள்வதால், விழுங்க முயன்ற மீனின் தொண்டையில் சிக்கி இரண்டுமே இறந்துவிடலாம்.

இயல்பும் கூட்டமும்

நீரும் அளவும் பொருந்திய பிறகுதான் இயல்பைப் பற்றி யோசிக்க வேண்டும். 'அமைதியான மீன்' என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்; எதனோடு அமைதி, எத்தனை பேரோடு அமைதி என்பதே கேள்வி.

டைகர் பார்ப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டோ மூன்றோ இருந்தால் மற்ற மீன்களின் துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கும். எட்டு, பத்து என்று கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி, யார் பெரியவர் என்பதைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். அப்படியிருந்தும் ஏஞ்சல், ஃபைட்டர், நீள்வால் கப்பி ஆகியவற்றோடு அவற்றை வைக்க வேண்டாம்; மெதுவாக அசையும் நீண்ட துடுப்பு அவற்றின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். செர்ப்பே டெட்ராவும் இதே பழக்கமுள்ளது.

ஃபைட்டர் மீனின் இரு ஆண்களை ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். அதே குடும்ப வழியில் வந்த கௌராமி ஆண்களையும், பளிச்சென்ற வால் விரிக்கும் ஆண் கப்பிகளையும் கூட அது போட்டியாளராகக் கருதக்கூடும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஃபைட்டரோடு அடித்தளத்தில் வாழும் கோரிடோராஸ், கூலி லோச், நடுமட்டத்தில் சிறிய ஹார்லெக்வின் ராஸ்போரா ஆகியவை பெரும்பாலும் ஒத்துப்போகும். 'பெரும்பாலும்' என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனெனில் ஃபைட்டர்களில் மீனுக்கு மீன் குணம் வேறுபடும். சில எந்தத் துணையையும் ஏற்பதில்லை. துணை சேர்ப்பதற்கு முன்பே, பிரித்து வைக்க இன்னொரு தொட்டி தயாராக இருக்க வேண்டும்.

பொதுவாக ஒரு மீன் தன்னைப் போன்ற உருவமும் நிறமும் உள்ள, தான் வாழும் அதே இடத்தில் வாழும் மீனையே முதலில் எதிரியாகக் கொள்கிறது. சிவப்பு வால் கருஞ்சுறா என்று அழைக்கப்படும் மீனைத் தொட்டிக்கு ஒன்று மட்டுமே வைக்க வேண்டும் என்பதும், அதன் உருவத்தை ஒத்த மற்ற அடித்தள மீன்களை அதனோடு சேர்க்கக் கூடாது என்பதும் இதனால்தான். சிக்லிட்களோ முட்டையிடும் காலத்தில் முற்றிலும் மாறிவிடுகின்றன. அதுவரை சாதுவாக இருந்த கன்விக்ட் இணை, முட்டை வைத்த நாளிலிருந்து மற்ற மீன்களையெல்லாம் தொட்டியின் ஒரு மூலைக்கு விரட்டிவிடும். கிரிபென்சிஸ் இணை அடித்தளத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டு கோரிடோராஸ்களைத் துன்புறுத்தும். ஃபிளவர்ஹார்னுக்குத் துணை தேடுவதே வேண்டாத முயற்சி. அதற்குத் தனித் தொட்டிதான் சரி.

மலாவி ஏரியின் பாறைவாழ் சிக்லிட்களில் இந்த விதி தலைகீழாகிறது. குறைவாக வைத்தால் வலிய ஆண் ஒன்றிரண்டு மீன்களையே குறிவைத்துக் கொன்றுவிடும். பெரிய தொட்டியில் அவற்றை அடர்த்தியாகவும், ஓர் ஆணுக்குப் பல பெண்களாகவும், ஏராளமான கற்பொந்துகளோடும் வைத்தால் சினம் பலர் மீதும் பரவித் தணிகிறது. அதற்கு வலுவான ஃபில்டரும் தவறாத நீர் மாற்றமும் வேண்டும் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கூட்டமாக வாழும் மீன்களைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. எதிலும் ஒரு ஜோடி என்று வாங்கும் பழக்கம் டெட்ரா, ராஸ்போரா, டேனியோ, கோரிடோராஸ் ஆகியவற்றுக்குக் கொடுமை. இவை ஒவ்வொன்றிலும் ஒரே இனத்தில் ஆறாவது இருக்க வேண்டும்; நியான் போன்ற சிறியவை பத்து இருந்தால் இன்னும் நல்லது. தனித்து விடப்பட்ட நியான் செடிகளின் பின்னால் ஒளிந்து நிறம் மங்கும். தனித்த டேனியோ மற்ற மீன்களைத் துரத்தத் தொடங்கும். ஐந்து வகையில் இரண்டிரண்டாக வைப்பதை விட, ஒரே வகையில் பத்து வைத்த தொட்டி மீன்களுக்கும் நிம்மதி, பார்ப்பவர்க்கும் அழகு.

கப்பி, மோலி, பிளாட்டிகளில் ஆண்கள் ஓயாமல் பெண்களைத் துரத்துவதால், ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற விகிதம் தேவை. பெண் மீன் ஆணின் உயிரணுக்களைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்து அடுத்தடுத்துக் குஞ்சு ஈனும் என்பதால், கடையில் பெண்களை மட்டும் வாங்கினாலும் குஞ்சுகள் வரும். பெருக்கம் வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வைப்பதே வழி.

தீனி

மீன் வாங்கும்போது தீனியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. டிஸ்கஸ் மெதுவாகத் தின்னும். பார்ப்களும் டேனியோக்களும் தீனி நீரைத் தொட்டவுடன் பாய்ந்துவிடும். மலாவிப் பாறைவாழ் சிக்லிட்களில் பல பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை. ஊனுண்ணும் மீன்களுக்குப் போடும் கொழுத்த தீனி அவற்றின் குடலைக் கெடுக்கும். லோச்களும் கெளுத்திகளும் பெரும்பாலும் இருட்டில் தின்பவை, ஆகவே விளக்கணைத்த பிறகு அவற்றுக்கென மூழ்கும் வில்லைகளைப் போட வேண்டும். மற்றவை விட்ட மிச்சத்தைத் தின்று வாழும் என்று அவற்றை வாங்குவது பட்டினி போடுவதற்குச் சமம்.

சில சேர்க்கைகள்

மென்மையான அல்லது நடுநிலையான நீரும் 25 டிகிரி வெப்பமும் உள்ள 60 செ.மீ. தொட்டிக்கு, ஹனி கௌராமி ஒன்றை முதன்மை மீனாகக் கொண்டு, பத்து எம்பர் டெட்ராக்களும், அடியில் ஆறு குட்டைக் கோரிடோராஸ்களும் வைக்கலாம். மூன்றும் வெவ்வேறு மட்டங்களில் வாழ்பவை என்பதால் இடப்போட்டி குறைவு. கடின நீர் என்றால் அதே அளவுத் தொட்டியில் ஆண் கப்பிகள் எட்டு, அல்லது பிளாட்டிகள் ஒரு சிறு குடும்பம் போதும்; அதற்குமேல் எதையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

தங்கமீனுக்குத் தங்கமீனே துணை. அதிலும் கோமெட் போன்ற ஒற்றை வால் வகைகளை உருண்ட உடலுடைய வகைகளோடு கலக்கக் கூடாது. டெலஸ்கோப், பபிள் ஐ போன்றவற்றுக்குப் பார்வை குறைவு, நீச்சலும் மெதுவு. வேகமான கோமெட் அவற்றின் தீனியையெல்லாம் தின்றுவிடும்.

தொட்டியில் விடும் வரிசை

ஃபில்டரில் நல்ல பாக்டீரியா குடியேறி, கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியாவையும் நைட்ரைட்டையும் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நிலை வர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக நிலைத்த பிறகே மீன் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வகையை மட்டும் சேர்த்து, அடுத்த வகைக்கு முன் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். பாக்டீரியாவும் அந்த அளவுக்குப் பெருக நேரம் வேண்டும். முதலில் கூட்டமீன்கள், பிறகு அடித்தள மீன்கள், இடத்துக்காகச் சண்டையிடும் முதன்மை மீன் கடைசியில். முதன்மை மீனை முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று அது எண்ணிவிடும். அப்படி ஏற்கெனவே ஆகியிருந்தால், புதிய மீன்களை விடும் நாளில் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்து, விளக்கை அணைத்துவிடுங்கள். பழைய எல்லைகள் குலைந்து எல்லாருக்கும் அது புதிய இடமாகும்.

புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்திருந்து சேர்ப்பது நல்லது. மருந்துகளும் பொருத்தத்தில் ஒரு பங்கு வகிப்பவை: தாமிரம் கலந்த மருந்து வெள்ளைப்புள்ளி நோயைத் தீர்க்கும், ஆனால் அதே தொட்டியிலுள்ள இறால்களைக் கொன்றுவிடும், லோச்களாலும் அதன் முழு அளவைத் தாங்க முடியாது.

சேர்த்த முதல் சில நாள்களில், தீனி போடும்போதும், விளக்கணைத்துச் சிறிது நேரம் கழித்தும் தொட்டியைக் கவனியுங்கள். ஹீட்டருக்குப் பின்னாலோ நீர்மட்டத்து மூலையிலோ ஒதுங்கி நிற்கும் மீன், உடலோடு ஒட்டிய துடுப்புகள், கிழிந்த வால், வேகமாக அசையும் செவுள்மூடி ஆகியவை துன்பத்தின் அறிகுறிகள். அடிபட்ட மீனைப் பிரிப்பதை விட, அடிக்கும் மீனைச் சில நாள்கள் வேறு தொட்டியில் வைத்துத் திரும்ப விடுவது பலன் தரும்; அது இல்லாத நாள்களில் மற்றவை இடம் பிடித்துக்கொள்ளும். திரும்ப வந்தும் அடங்காவிட்டால் அதற்கு வேறு வீடு பார்க்க வேண்டும். வாங்கும்போதே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்டு வைப்பது இதற்காகத்தான். எந்த நிலையிலும் அதைக் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். அப்படி வெளியே வந்த சக்கர் மீன்கள் பல வெப்பநாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, கரைகளைத் துளைத்து, அங்கே வாழ்ந்த மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்திருக்கின்றன.